கல்ட் ஒயின் ஒதுக்கீடு வந்திருக்கிறதா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கொஞ்சமாகத் தயாராகி, பெரும்பாலும் லிஸ்டில் பெயர் பதிந்த வாடிக்கையாளர்களுக்கே நேரடியாக விற்கப்படும் புகழ்பெற்ற ஒயின்களைத்தான் கல்ட் ஒயின் என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட பெரிய பெயர்களில் ஏதாவது ஒன்றின் லிஸ்டில் நீங்கள் இருந்தால், வருஷத்துக்கு ஓரிரு முறை அந்த மின்னஞ்சல் வந்துவிடும். உங்களுக்கு மூன்று பாட்டில் ஒதுக்கியிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு உங்கள் இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. முன்பெல்லாம் இதற்கு யோசிக்கவே வேண்டாம், கார்டு எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இப்போது நிலைமை வேறு. இடம் போய்விடுமோ என்ற பயத்துக்காக மட்டும் ஒரு பாட்டில்கூட வாங்காதீர்கள், அந்தப் பயத்துக்கு இருந்த நியாயம் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த லிஸ்டுகளைத் தாங்கிப் பிடித்தது ஒரே ஒரு விஷயம்தான்: ஒயின் தயாரிக்கும் ஒயினரி கேட்கும் விலைக்கும் வெளியே கிடைக்கும் விலைக்கும் இருந்த இடைவெளி. நாப்பாவின் ஸ்க்ரீமிங் ஈகிள் ஒயினரியின் முதல் அறுவடை 1992. அதற்கு அன்று பெரும் செல்வாக்கோடு இருந்த ஒயின் விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு 99 மதிப்பெண் கொடுத்தார், உற்பத்தியோ சுமார் இருநூறு கேஸ்தான் (ஒரு கேஸ் பன்னிரண்டு பாட்டில்). 2000-ஆம் ஆண்டு நாப்பா ஏலத்தில் அதே 1992-இன் ஆறு லிட்டர் பாட்டில் ஒன்று 5 லட்சம் டாலருக்குப் போனது. அறக்கட்டளைக்கான ஏலம் என்பதால் அந்தத் தொகையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஹார்லன், கோல்கின், பிரையன்ட் ஃபேமிலி, அரௌஹோ என்று எல்லா ஒயினரி வாசலிலும் வரிசை நின்ற காலம் அது. லிஸ்டில் இருப்பவர் மூன்று பாட்டில் வாங்கி இரண்டை விற்றால் மூன்றாவது ஏறக்குறைய இலவசம். அதனால்தான் வேண்டாத வருஷத்திலும் வாங்கினார்கள்.

அந்த இடைவெளியை ஒயினரிகளே மூடிவிட்டன. ஒவ்வொரு வருஷமும் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஏலத்தில் போகும் லாபம் நமக்கே வரட்டும் என்று நினைத்தார்கள். அது தப்பில்லை, ஆனால் அதோடு வாங்குபவரின் அவசரமும் போய்விட்டது. இன்னொரு பக்கம், தொண்ணூறுகளில் சேர்ந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது, நிலவறை நிரம்பி வழிகிறது, இருப்பதைக் குடித்து முடிக்கவே ஆயுள் போதாது. இளையவர்கள் அந்த அளவுக்கு வருவதில்லை. மது அருந்துவதாகச் சொல்லும் அமெரிக்கர்களின் பங்கு 2025-இல் 54 சதவீதம் என்கிறது கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப், 1939-இலிருந்து அவர்கள் கேட்டுவரும் கேள்வியில் இதுதான் மிகக் குறைவு. பார்க்கரும் 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார், ஒரே ஒருவரின் மதிப்பெண்ணைப் பார்த்து ஊரே ஓடும் வழக்கம் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது.

சரி, மின்னஞ்சல் வந்துவிட்டது. முதலில் உண்மையான விலையைக் கணக்குப் போடுங்கள். பாட்டில் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கு 900, விற்பனை வரி 8 சதவீதம் என்றால் 72, அனுப்பும் செலவு 45. மொத்தம் 1,017, அதாவது பாட்டிலுக்கு 339. இப்போது அதே ஒயின் ஆன்லைன் ஏலங்களில் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். கடைகள் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், அது அவர்கள் ஆசைப்படும் விலை, விற்று முடிந்த விலைதான் கணக்கு. ஏலத்தில் 220-க்கு முடிந்திருந்தால் அதன் மேல் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் சேர்த்து 264, வரியும் கூரியரும் போட்டால் சுமார் 300. ஆக, லிஸ்டில் வாங்குபவர் பாட்டிலுக்கு 40 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார்.

இந்த ஒப்பீட்டைப் புதிய அறுவடையோடு நிறுத்திவிடாதீர்கள், பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். லிஸ்டில் வருவது மூன்று வயதுகூட ஆகாத கேபர்நே என்ற சிவப்பு ஒயின், அதைப் பத்து வருஷம் வைத்திருந்தால்தான் அதன் குணம் தெரியும். ஏலத்தில் அதே ஒயினரியின் 2012-ஓ 2013-ஓ பெரும்பாலும் புதியதின் விலையிலேயோ அதற்கும் கீழேயோ கிடைக்கிறது. பத்து வருஷக் காத்திருப்பும் சேமிப்புச் செலவும் இன்னொருவர் தலையில் போய்விட்டது, நீங்கள் இந்த வாரமே திறக்கலாம். ஒயினைக் குடிப்பதற்காக வாங்குபவருக்கு இதைவிட நல்ல காலம் வந்ததில்லை என்றே நினைக்கிறேன். 2020 அறுவடையில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை, அந்த ஆண்டுக் காட்டுத்தீயின் புகை திராட்சையில் ஏறியதால் பல ஒயினரிகள் சிவப்பு ஒயினே வெளியிடவில்லை. வெளியிட்டவர்களுடையதை ருசி பார்த்தவர்களின் குறிப்பைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஆர்டர் பக்கத்தையே நிதானமாகப் படியுங்கள். பழைய நாளில் 'உங்கள் ஒதுக்கீடு: 3' என்று ஒரு பெட்டி, அதற்குக் கீழே கூடுதலாக எத்தனை வேண்டும் என்று ஒரு விருப்பப் பெட்டி இருக்கும். விருப்பத்தில் ஆறு என்று எழுதினால் பதில் பூஜ்யம். இப்போது கேட்ட ஆறும் கிடைத்துவிடுகிறது என்றால், உங்களுக்கு முன்னால் இருந்த பலர் வாங்காமல் விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். கடைசித் தேதி ஒரு வாரம் தள்ளிப் போவது, அனுப்பும் செலவு திடீரென்று இலவசமாவது, காத்திருப்போர் வரிசையில் சேர்ந்த சில மாதங்களிலேயே இடம் கிடைப்பது, லிஸ்டில் மட்டும் என்று சொன்ன ஒயின் கடை அலமாரியில் தென்படுவது, எல்லாம் அதே கதைதான். இதில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் தைரியமாக ஒரு வருஷம் விடலாம், திரும்பக் கேட்டால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

விடும்போது மௌனமாக விடாதீர்கள். இரண்டு வரி எழுதுங்கள்: இந்த வருஷம் வாங்கவில்லை, லிஸ்டில் தொடர விருப்பம், முடிந்தால் ஒரு பாட்டில் மட்டும் தருவீர்களா. சின்ன ஒயினரிகளில் அதைப் படிப்பவர் பெரும்பாலும் பல வருஷமாக அங்கேயே இருப்பவர், உங்கள் பெயரைத் தெரிந்தவர், அவருக்கும் கையிருப்பை நகர்த்த வேண்டியிருக்கிறது. மூன்றுக்குப் பதில் ஒன்று, முதன்மை ஒயினுக்குப் பதில் அதே ஒயினரியின் விலை குறைந்த இரண்டாம் லேபிள் என்று பேசி முடிக்க இன்று இடம் இருக்கிறது. நேரில் போய் ருசி பார்க்க நேரம் கிடைக்குமா என்றும் கேட்டுவையுங்கள், எனக்கு அது பாட்டிலைவிடப் பெரிய சலுகை.

எல்லாக் கணக்கையும் தாண்டி வாங்க வேண்டிய லிஸ்டும் உண்டு. வெளியே கண்ணிலேயே படாத சின்ன உற்பத்தி, உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒயின் தயாரிப்பாளரின் கை, தன் தோட்டத்துத் திராட்சையை மட்டும் நம்பும் குடும்பம், இவர்களிடம் 40 டாலர் கூடுதலாகப் போனாலும் வாங்குங்கள். வாங்குபவர் நின்றுவிட்டால் முதலில் மூடுவது இப்படிப்பட்டவர்கள்தான், பெரிய முதலாளி கையில் இருக்கும் ஒயினரிக்கு நாலு மோசமான வருஷம் ஒன்றும் செய்யாது.

விற்றுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் வாங்குவதை நிறுத்திவிடுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாத தனிநபர் ஒயின் விற்க முடியாது, உரிமம் பெற்ற ஏல நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும், அவர்கள் கமிஷன் எடுப்பார்கள். ஏற்கெனவே சேர்த்து வைத்திருப்பவர்கள் வாங்கிய ரசீதையும் சேமிப்புக் கிடங்கின் பதிவையும் தொலைக்காமல் வையுங்கள், முதல் கையிலிருந்து நேராக வரும் பாட்டிலுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது.

ஏலத்தில் வாங்குபவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒயின் மட்டம் பாட்டிலின் கழுத்துக்குள் இருக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு வயது பாட்டிலில் அது தோள் வரை இறங்கியிருந்தால் வேண்டாம். கார்க் மேலே தள்ளிக்கொண்டு, அதை மூடியிருக்கும் உறை புடைத்திருந்தால் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது. உறைக்குக் கீழே பிசுபிசுப்பான கறை என்றால் கசிந்திருக்கிறது. லேபிள் கிழிந்திருந்தால் கவலைப்படாதீர்கள், அது விலையை மட்டும்தான் குறைக்கும்.

எங்கே வாங்கினாலும் அனுப்பும் மாதத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். கோடையில் அனுப்ப விடாதீர்கள், வெயில் தணியும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னால் பெரும்பாலான ஒயினரிகள் கேட்பார்கள். 21 வயது நிரம்பிய ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்பதால் ஆள் இருக்கும் முகவரியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி டெலிவரி வண்டியின் பின்னால் இரண்டு மூன்று நாள் சுற்றும். யூட்டா போன்ற மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒயினரி நேரடியாக அனுப்பவே சட்டம் விடாது, அதை ஆர்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் 13 டிகிரி செல்சியஸில் படுக்க வைத்துவிட்டு, ஒரு மாதமாவது தொடாமல் விடுங்கள்.