ட்ரிப்பனோசோமின் வடிவத்திலும் நீச்சலிலும் ஒரு புரதத்தின் பங்கைக் கண்டறிவது எப்படி?

ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் காரணமான ட்ரிப்பனோசோமா புரூசி, செட்சி ஈயின் வழியாகப் பரவும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் நீளமுள்ள இந்த உயிரி, ஈயின் குடலிலும் பாலூட்டிகளின் குருதியிலும் இடைவிடாமல் நீந்திக்கொண்டே வாழ்கிறது. இதன் ஏதேனும் ஒரு புரதத்தைக் குறைத்துவிட்டு, "நீந்துகிறதா, இல்லையா" என்று மட்டும் குறித்துக்கொள்வது போதாது. நீச்சல் எந்த விதத்தில் கெட்டது என்பதைக் கவனித்தால்தான் அந்தப் புரதத்தின் வேலை பிடிபடும். கீழ்வரும் படிகள் அந்தக் கவனிப்பை நோக்கியே அமைந்துள்ளன.

படி 1: சட்டகத்தை அறிந்துகொள்ளுங்கள்

செல் சவ்வுக்கு அடியில் நூற்றுக்கும் மேற்பட்ட நுண்குழல்கள், உடலின் நீளவாக்கில், ஒன்றுக்கொன்று இணையாகவும் சம இடைவெளியிலும் அடுக்கப்பட்டுள்ளன. டியூபுலின் புரதத்தாலான இக்குழல்கள் ஒன்றோடொன்றும் சவ்வோடும் பிணைக்கப்பட்டிருப்பதால்தான் செல்லுக்கு அதன் ஒடுங்கிய வடிவம் கிடைக்கிறது. பல உயிரிகளின் செல்களில் பிரிவின்போது நுண்குழல் அமைப்பு கலைந்து மீண்டும் உருவாகும். இங்கோ இந்தச் சட்டகம் கலையாமல் நின்று, பழைய குழல்களுக்கு இடையே புதியவை செருகப்படுகின்றன.

செல்லை நீந்தவைக்கும் சாட்டை போன்ற இழையான கசையிழை, உடலின் பின்பகுதியில் தோன்றி, பக்கவாட்டில் ஒட்டியபடியே முன்முனை வரை சென்று, நுனியில் மட்டும் விடுபட்டு நிற்கிறது. அதனுள் ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவில் இரண்டு தனிக்குழல்களும் கொண்ட அச்சு இருக்கிறது. டைனீன் என்னும் இயக்கப் புரதம் இந்த இரட்டைக் குழல்களை ஒன்றின்மீது ஒன்று வழுக்கச் செய்வதால் இழை வளைகிறது. அச்சை ஒட்டி ஓடும் துணைத் தண்டு, முக்கியமாக பி.எஃப்.ஆர்.1, பி.எஃப்.ஆர்.2 ஆகிய புரதங்களால் ஆனது.

படி 2: பொருத்தமான பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஈயின் நடுக்குடலில் வாழும் புரோசைக்ளிக் பருவத்தின் ஆய்வக வகையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.டி.எம்.-79 ஊடகத்தில் 27 அல்லது 28 டிகிரி செல்சியஸில் இது நன்றாக வளரும். உயிரிப் பாதுகாப்பு அனுமதி பெற்ற ஆய்வகத்தில், அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் மட்டுமே இதைக் கையாள வேண்டும்.

படி 3: புரதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ட்ரைட்டிரிப்.டி.பி. தரவுத்தளத்தில் உங்கள் மரபணுவைத் தேடுங்கள். இந்த ஒட்டுண்ணியின் மரபணுத்தொகுதி 2005-இல் வெளியானது. ஆயிரக்கணக்கான புரதங்களின் இருப்பிடத்தைக் காட்டும் ட்ரிப்டேக் படத்தொகுப்பும் இப்போது இருப்பதால், தொடக்க விடை சில நிமிடங்களில் கிடைத்துவிடும்.

அதன்பிறகு நீங்களே சரிபாருங்கள். செல்களை ட்ரைட்டான் போன்ற அயனியற்ற சோப்புப்பொருள் கலந்த தாங்கல் கரைசலில் சில நிமிடங்கள் வைத்தால் சவ்வு கரைந்துவிடும். ஆனால் நுண்ணோக்கியில் பார்க்கும்போது சட்டகமும் கசையிழையும் அதே வடிவில், அதே வளைவுகளோடு நிற்கும். கால்சியம் நுண்குழல்களைக் கலைத்துவிடும் என்பதால், கரைசலில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ. இருக்க வேண்டும். அடுத்து 1 மோலார் உப்புக் கரைசலைச் சேர்த்தால் உடலின் நுண்குழல்கள் கரைந்து, கசையிழை மட்டும் எஞ்சும். உங்கள் புரதம் எந்தக் கட்டத்தில் கரைசலுக்குள் வந்தது என்பதே, அது சவ்வையோ செல்சாற்றையோ சேர்ந்ததா, உடல் சட்டகத்தைச் சேர்ந்ததா, கசையிழையைச் சேர்ந்ததா என்று சொல்லிவிடும்.

படி 4: புரதத்தைக் குறையுங்கள்

டெட்ராசைக்ளின் என்னும் மருந்தைச் சேர்த்தால் மட்டும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும்படி அமைத்த செல்களைப் பயன்படுத்துங்கள். அதே வரிசை கொண்ட தூது ஆர்.என்.ஏ.வை இது அழிக்கச் செய்வதால் புரதம் குறைகிறது; இதுவே ஆர்.என்.ஏ. குறுக்கீடு. மருந்து சேர்க்காத அதே செல்களையும் உடன் வளர்த்து, 24, 48, 72 மணி நேரங்களில் இரண்டையும் ஒப்பிடுங்கள். புரத அளவு உண்மையிலேயே குறைந்ததை எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் முறை மூலம் உறுதிசெய்யாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம். பி.எஃப்.ஆர்.2-ஐ இவ்வாறு குறைக்கும்போது, பிரியவிருக்கும் ஒரே செல்லில் பழைய கசையிழை தன் தண்டோடும், புதிய கசையிழை தண்டின்றியும் இருப்பதைக் காணலாம். ஏற்கெனவே கட்டப்பட்ட அமைப்பு எளிதில் கலைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

படி 5: குறைபாட்டின் வகையைப் பிரித்தறியுங்கள்

ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, இருண்ட பின்னணியில் செல்கள் ஒளிர்ந்து தெரியும் இருட்புல நுண்ணோக்கியில் காணொளி எடுங்கள். இயல்பான செல்லில் அலை கசையிழையின் நுனியில் எழுந்து அடிப்பகுதியை நோக்கி ஓடும். அதனால் செல் கசையிழை நுனி முன்னே செல்லும்படி நகரும். துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 20 முறை நிகழ்வதால், அலையின் வடிவம் வேண்டுமானால் நொடிக்கு நூறு படங்களுக்கு மேல் எடுக்கும் கேமரா தேவை. செல் சென்ற பாதையை மட்டும் வரைவதற்குச் சாதாரண வேகமே போதும்.

ஆல்ஃபா டியூபுலின் குறைந்த செல்கள் வடிவம் இழந்து உருண்டைகளாகிவிடும். இது 1998-இலேயே காட்டப்பட்டது. பி.எஃப்.ஆர்.2 குறைந்தால் வடிவம் மாறாது, ஆனால் செல்கள் ஏறக்குறைய முடங்கி, குடுவையின் அடியில் படியும். டிரிப்பனின் என்னும் கசையிழைப் புரதம் குறைந்தால் கசையிழை துடித்துக்கொண்டே இருக்கும். செல்லோ இருந்த இடத்திலேயே புரளுமே தவிர முன்னேறாது. கசையிழையை உடலோடு ஒட்டவைக்கும் எஃப்.எல்.ஏ.1 புரதம் குறைந்தால் கசையிழை உடலைவிட்டுப் பிரிந்து தொங்கும். நான்கும் நீச்சலைக் கெடுக்கின்றன; ஆனால் முதலாவது சட்டகத்தின் குறை, இரண்டாவது தண்டின் குறை, மூன்றாவது துடிப்பை ஒழுங்குபடுத்துவதில் உள்ள குறை, நான்காவது ஒட்டுதலின் குறை.

ஓர் எச்சரிக்கை: நீச்சல் கெட்ட செல்கள், பிரிவின் இறுதியில் ஒன்றையொன்று விட்டு விலக முடியாமல் கொத்துக்கொத்தாக நிற்பதுண்டு. அதைக் கண்டவுடன் "இது செல்பிரிவுக்கான புரதம்" என்று எழுதிவிடாதீர்கள். குடுவையை மெதுவாகக் குலுக்கியபடி வளர்த்துப் பாருங்கள். கொத்துகள் பிரிந்தால், குறை பெரும்பாலும் அசைவில்தான் இருக்கிறது.

படி 6: மீட்டுப் பாருங்கள்

ஆர்.என்.ஏ. குறுக்கீட்டுக்கு அகப்படாதபடி எழுத்துவரிசை மாற்றிய, ஆனால் அதே புரதத்தைத் தரும் மரபணுவைச் செல்லுக்குள் செலுத்துங்கள். நீச்சல் திரும்பினால் உங்கள் முடிவு உறுதி. குருதிப் பருவத்தில் இதே சோதனையைச் செய்ய விரும்புவோர் ஒன்றை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: பல கசையிழைப் புரதங்களின் குறைவை அப்பருவம் தாங்காமல் இறந்துவிடும். ஆகவே அங்கு முதல் 24 மணி நேரத்துக்குள்ளாகவே, இடைவெளி குறைத்து மாதிரிகளை எடுக்க வேண்டும்.