குறி மங்கும்போது செய்யக்கூடாதவை

10 மீட்டர் ஏர் ரைஃபிள், ஏர் பிஸ்டல் போட்டிகளில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள். அதாவது ஒரு ஷாட்டுக்கு ஒன்றேகால் நிமிடம். இவ்வளவு நேரம் இருந்தும், மங்கத் தொடங்கிய குறியை விடாமல் உற்றுப் பார்த்தபடியே ட்ரிகரை அழுத்துபவர்கள் ஏராளம். தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

ஒரே இடத்தில் நிலைகுத்திய கண்ணில் பிம்பம் சில விநாடிகளிலேயே வெளிறத் தொடங்கும். துப்பாக்கி சற்று விலகிய பிறகும் பழைய படமே தெரிவதுபோல் இருக்கும். "சரியாகத்தான் பிடித்தேன், எட்டுப் புள்ளி வளையத்தில் விழுந்திருக்கிறதே" என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுவே காரணம். கூடவே மூச்சையும் பிடித்து வைத்திருக்கிறோம், சிமிட்டவும் மறக்கிறோம். கண்ணீர்ப் படலம் காய்ந்து பார்வை இன்னும் கலங்குகிறது. குறியில் நிலைத்த 8 விநாடிக்குள் ஷாட் போகவில்லையென்றால் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, துப்பாக்கியைத் தாழ்த்துங்கள். இரண்டு மூன்று முறை மூச்சு விட்டு, நன்றாகச் சிமிட்டி, வெளிச்சம் குறைந்த வெற்றுச் சுவரையோ தரையையோ சற்று நேரம் பாருங்கள். பிறகு தூக்கலாம். இடைவேளையில் மொபைல் திரையைப் பார்ப்பது ஓய்வாகாது. கண் மறுபடி கிட்டத்தில் குவிய வேண்டியிருக்கும்.

மறு கண்ணை இறுக மூடுவது அடுத்த தவறு. மூடிய பக்கத்துத் தசை இறுகும்போது குறிபார்க்கும் கண்ணின் இமையும் சேர்ந்து துடிக்கும். அதோடு, இரு கண்மணிகளும் சேர்ந்தே சுருங்கி விரிபவை. ஒரு கண்ணுக்கு ஒளி போகாவிட்டால் மற்றதன் மணியும் விரியும். விரிந்தால் கூர்மை குறையும். கறுப்புத் துணியால் மறைத்தாலும் இதே கதைதான். மறு கண்ணுக்கு முன் வைக்கும் மறைப்பான பிளைண்டர், ஒளி ஊடுருவும் வெள்ளையாக இருப்பதே சரி. போட்டி விதிப்படி அதன் அகலம் 30 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது.

பிஸ்டல்காரர்களுக்கென்று தனியாக ஒன்று உண்டு: முன் சைட், பின் சைட் (துப்பாக்கியின் முன்னும் பின்னும் உள்ள குறிபார்க்கும் உறுப்புகள்), இலக்கு மூன்றையும் தெளிவாகப் பார்க்க முயல்வது. கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தில்தான் குவியும். முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், இலக்கு மங்கலான கறுப்பு வட்டமாக இருக்கட்டும். அந்த மங்கலைப் பார்வைக் கோளாறு என்று எண்ணி இலக்குக்கும் சைட்டுக்குமாகக் கண்ணை ஓட்டுவதுதான் வலியைக் கொண்டுவருகிறது.

ரைஃபிளில் பின் சைட்டில் கண் வைத்துப் பார்க்கும், அளவை மாற்றக்கூடிய ஐரிஸ் துளையைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்பது ஓரளவுக்குத்தான் உண்மை. 1 மி.மீ.க்கும் கீழே போனால் படம் இருண்டு, துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் விளிம்பும் கலங்கும். 1.0 முதல் 1.2 மி.மீ. வரை வைத்துப் பார்த்து, அரங்கின் வெளிச்சத்துக்கேற்ப மாற்றுங்கள். முன் சைட்டில் இலக்கைச் சுற்றித் தெரியும் வளையம் மிகச் சிறிதாக இருப்பதும் கண்ணைப் படுத்தும். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரியாவிட்டால் கறுப்பும் வளையமும் ஒட்டிக்கொண்டதுபோல் மினுங்கும். சற்றே பெரிய வளையத்துக்கு மாறத் தயங்க வேண்டாம்.

அன்றாடக் கண்ணாடியோடு சுடும்போது, தலை சாய்வதால் லென்ஸின் ஓரம் வழியாகப் பார்க்கிறோம். அங்கே உருவம் சிதையும். பார்வைக்கோடு லென்ஸின் நடுவில் செங்குத்தாக விழ வேண்டும். லென்ஸை வேண்டிய கோணத்தில் திருப்பி வைக்கக்கூடிய ஷூட்டிங் ஃபிரேம் இருப்பதே அதற்காக. மேலிருந்து கீழாகப் பவர் மாறிக்கொண்டே போகும் புரோகிரசிவ் லென்ஸ் இதற்கு அறவே ஆகாது. முன் சைட் கண்ணிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்கிறது. தூரப் பவரோடு +0.50 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) சேர்த்தால் கண் தானாக 2 மீட்டரில் குவியும்; சைட்டும் இலக்கும் இரண்டுமே சமாளிக்கும்படி தெரியும். பிஸ்டலுக்குச் சிலர் +0.75 வரை போவார்கள். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம். பரிசோதனைக்குப் போகும்போது கண்ணிலிருந்து முன் சைட் வரையுள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

துப்பாக்கியை இறக்கிய பிறகும் மங்கல் நீடித்தால், மின்னல்போல் ஒளி தெறித்தால், திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தால், உருவம் இரண்டாகத் தெரிந்தால், அன்று பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தொடர்வது கூடவே கூடாது.