பிக் பாஸில் இந்த வாரம் யார் வெளியே? சோபாவில் உட்கார்ந்தே கணிக்கும் வழி

ஞாயிறு ராத்திரி எங்கள் வீட்டில் யார் பாத்திரம் கழுவுவது என்பதை பிக் பாஸ்தான் முடிவு செய்கிறது. திங்கட்கிழமை நாமினேஷன் (யார் வெளியேறலாம் என்று வீட்டுக்குள் இருப்பவர்களே பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது) முடிந்ததும் நானும் என் நாத்தனாரும் ஆளுக்கொரு பெயர் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவோம். யார் எழுதியது தப்போ அவர் கழுவ வேண்டும். "அண்ணி, உங்களுக்கு உள்ளே ஆள் இருக்கா?" என்று அவள் கேட்கும் அளவுக்கு என் பக்கம் பலிக்கிறது. ஆளெல்லாம் கிடையாது. கணக்குதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் போடுவது காப்பாற்றும் ஓட்டு. யாரையும் வெளியே துரத்த நம்மிடம் பட்டன் இல்லை. பட்டியலில் இருப்பவர்களில் யார் உள்ளே இருக்க வேண்டும் என்று ஓட்டுப் போடுகிறோம், குறைவாக வாங்கியவர் பெட்டியைக் கட்டுகிறார். இதை மறந்துவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் தப்பாகக் கணிக்கிறார்கள். "இவரை எல்லாருக்கும் பிடிக்கல, இந்த வாரம் காலி" என்பார்கள். பிடிக்காதவர்களின் ஓட்டு என்ன ஆகும்? நாலைந்து பேருக்குப் பிரிந்து போகும். அவரைப் பிடித்த கூட்டம் சின்னதாக இருந்தாலும் மொத்தமாக அவருக்கே குத்தும். ஆக, வெறுக்கப்படுகிறவர் தப்பித்துவிடுவார். மறக்கப்படுகிறவர்தான் போவார்.

2018இல் நடந்த இரண்டாவது சீசனை நினைத்துப் பாருங்கள். ராணி வேடம் போட்ட டாஸ்க்கில் ஐஸ்வர்யா தத்தா, தாடி பாலாஜி மேல் குப்பையைக் கொட்டினார். எங்கள் தெருவில் அன்றைக்கு அவரைத் திட்டாத வாய் இல்லை. அவர்தான் இறுதி மேடையில் ரித்விகாவுக்குப் பக்கத்தில் ரன்னராக நின்றார். ஆறாவது சீசனில் அசீமை வாரக்கடைசியில் அப்போதைய தொகுப்பாளர் கமல் கண்டித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் விக்ரமனைத் தாண்டி அசீம் கோப்பையை வாங்கினார். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான், ஆனால் வருத்தம் வேறு, கணக்கு வேறு.

சரி, வேலைக்கு வருவோம். திங்கட்கிழமை பட்டியல் வந்ததும் மளிகை நோட்டின் பின்பக்கத்தில் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், போன வாரம் அவர் செய்த ஒரு காரியத்தை யோசிக்காமல் எழுத வேண்டும். சண்டை, அழுகை, டாஸ்க்கில் விழுந்தது, சாம்பாரில் உப்பு அதிகம் போட்டது, எதுவானாலும் சரி. எந்தப் பெயருக்குப் பக்கத்தில் பேனா நின்றுவிடுகிறதோ அவர் டேஞ்சர் சோனில் இருக்கிறார். "நல்ல பையன், யார் வம்புக்கும் போகமாட்டான்" என்று எழுதத் தோன்றினால் அதுவும் வெற்றிடம்தான். பெயருக்கு நேராக அதை மட்டும் எழுதிவிட்டு நாத்தனார் கழுவிய பாத்திரங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்து, பட்டியலில் யார் இல்லை என்று பாருங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரிய ரசிகர் கூட்டம் உள்ள ஒருவர் அந்த வாரம் கேப்டனாகித் தப்பித்துவிட்டால், அவருக்கு விழ வேண்டிய ஓட்டு சும்மா இருக்காது. அவருடைய நண்பர் பட்டியலில் இருந்தால் அங்கே போய் விழும். அந்த நண்பர் எவ்வளவு சுமாரான ஆளாக இருந்தாலும் அந்த வாரம் அசைக்க முடியாது. நண்பர்கள் இரண்டு பேருமே பட்டியலில் இருந்தால் ஓட்டு பிரியும், பலவீனமானவர் மாட்டிக்கொள்வார். கூட்டணி போட்டு விளையாடுகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் அடி விழுகிறது.

நாமினேஷனுக்கு வராமலேயே இருப்பது பெரிய சாமர்த்தியம் என்று வீட்டுக்குள் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான்காவது சீசனில் ஆரி பெரும்பாலான வாரங்களில் பட்டியலில் இருந்தார். அவருக்கு ஓட்டுப் போட்டுப் போட்டே ஜனங்களின் விரல் பழகிவிட்டது. மறுபக்கம் அன்பு, பாசம் என்று ஒரு குழு ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இருந்தது. அதிலிருந்து ரியோவும் சோமும் இறுதி மேடை வரை வந்தார்கள், கோப்பை ஆரிக்குப் போனது. வீடு மொத்தமும் ஒருவரை ஒதுக்கினால் வெளியே அவருக்கு ஒரு ஆர்மி, அதாவது ரசிகர் படை, உருவாகும். 2017இல் ஓவியாவில் ஆரம்பித்த கதை இது. அவரை எந்த ஓட்டும் வெளியே அனுப்பவில்லை, அவராகவேதான் போனார். ஏழாவது சீசனில் அர்ச்சனா வைல்டு கார்டில், அதாவது ஆட்டத்தின் நடுவில், உள்ளே வந்த சில நாட்களிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் என் மாமியார் உட்பட எல்லாரும் அன்றைக்கே அவர் கட்சிக்குப் போய்விட்டார்கள். வைல்டு கார்டில் வந்து டைட்டில் ஜெயித்த முதல் ஆள் அவர்தான்.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை ப்ரோமோவைக் கவனித்தால் போதும். வாரம் முழுக்க ப்ரோமோவில் முகம் காட்டாதவர் பெயருக்கு ஒரு புள்ளி வையுங்கள். நேரம் இருப்பவர்கள் ஜியோஹாட்ஸ்டாரில் 24 மணி நேர லைவ் பார்க்கலாம். எனக்கு அடுப்பு இருக்கிறது.

சனிக்கிழமை எபிசோடில் தொகுப்பாளர் யாரைத் திட்டுகிறார் என்று பார்க்காதீர்கள். யாரிடம் ஒன்றுமே கேட்காமல் நகர்கிறார் என்று பாருங்கள். கமல் சுற்றி வளைத்து ஒரு குட்டு வைப்பார், நடுவில் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பார். எட்டாவது சீசனில் வந்த விஜய் சேதுபதி பேச்சைப் பாதியிலேயே வெட்டி "உட்காருங்க" என்பார். எனக்கு இரண்டும் பிடிக்கும். யார் சொன்னது பொய் என்று பழைய காட்சியை வைத்தே குறும்படம் போட்டுக் காட்டும் நாட்களைத்தான் இன்னும் தேடுகிறேன். எந்தத் தொகுப்பாளராக இருந்தாலும், திட்டு வாங்குகிறவருக்கு அடுத்த வாரமும் வேலை இருக்கும்.

யூடியூபிலும் மற்ற இடங்களிலும் நடத்தும் கருத்துக்கணிப்புகளில் முதல் இடம் யாருக்கு என்று பார்த்து ஏமாறாதீர்கள். அங்கே ஆர்மிகள் ராப்பகலாகக் குத்துவார்கள். கடைசி இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள், அங்கே யாரும் மெனக்கெட்டுப் பொய் சொல்வதில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் உங்கள் நோட்டில் வெற்றிடமாகவும் இருந்தால் அந்தப் பெயரை எழுதி மடித்துவிடுங்கள்.

கடைசி வாரங்களுக்கு வேறு கணக்கு. டிக்கெட் டு ஃபினாலே ஜெயித்தவர்தான் டைட்டில் வின்னர் என்று பந்தயம் கட்டாதீர்கள். முதல் எட்டு சீசன்களில் நேரடியாக ஃபினாலேவுக்குப் போகும் டிக்கெட்டையும் கோப்பையையும் சேர்த்து வாங்கியவர் மூன்றாவது சீசனின் முகென் மட்டும்தான். டிக்கெட் கிடைத்தவர் நாமினேஷனிலிருந்து தப்பித்துவிடுவதால் அவருடைய ரசிகர்கள் அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

கோப்பை வேண்டாம் என்று பாதியில் பணத்தோடு கிளம்பக் கடைசியில் வைக்கும் பணப்பெட்டியை யார் எடுப்பார் என்று கணிப்பது இதைவிடச் சுலபம். பரிசு 50 லட்சம், அது ஒருவருக்குத்தான். தனக்கு அது வராது என்று தெரிந்தவர், அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொள்ளும் தைரியமும் உள்ளவர், பெட்டியைத் தூக்குவார். மூன்றாவது சீசனில் கவினும் நான்காவதில் கேப்ரியலாவும் 5 லட்சத்தோடு போனார்கள். ஐந்தாவதில் சிபி 12 லட்சம் வரை பொறுத்திருந்தார். ஏழாவதில் பூர்ணிமா 16 லட்சம். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர் ஆறாவது சீசனின் அமுதவாணன்தான். டிக்கெட் டு ஃபினாலேயையும் ஜெயித்து, கோப்பை தன் பக்கம் இல்லை என்பதையும் புரிந்துகொண்டு, 11 லட்சத்து 75 ஆயிரத்தோடு நடையைக் கட்டினார். எட்டாவது சீசனில் பெட்டியை ஓடிப்போய் எடுத்துக்கொண்டு நேரத்துக்குள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஜாக்குலின் நேரத்துக்குத் திரும்ப முடியாமல் வெளியேற வேண்டியதாயிற்று. அதனால் அப்படி ஓடவிடும் சீசனில் யாருக்குக் கால் வேகம் என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இந்த முறையை சர்வைவர் மாதிரி ஆட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 2021இல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய சர்வைவரில், ஜான்சிபாரில் இருந்த போட்டியாளர்களே ஒருவரையொருவர் ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். விஜயலட்சுமி ஒரு கோடி ஜெயித்தார். அங்கே பார்க்கிற நமக்கு ஓட்டே கிடையாது. அங்கே மறக்கப்படுகிறவர் தப்பிப்பார், பளிச்சென்று தெரிகிறவர் மாட்டுவார். நோட்டை அப்படியே தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் பந்தயத்தை மூடிவிடுங்கள். ஞாயிறு ஒளிபரப்பாவதை முன்கூட்டியே எடுத்துவிடுவதால், யார் வெளியே என்ற செய்தி அதற்குள் கசிய ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் போனைப் பார்த்துவிட்டு வந்து பெயரை மாற்றி எழுதக் கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.