'பாப்போம்' சொல்லி மாட்டிக்கொள்ளாமல் இருக்க

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு 'முடியாது' என்ற சொல் லேசில் வாயில் வராது, 'பாப்போம்' என்றுதான் வரும். சொல்கிறவர் மனசில் அது 'இல்லை'. கேட்கிறவர் காதிலோ அது 'சரி, ரெண்டு நாள் பொறு'. ரெண்டு நாள் கழித்து வந்து நிற்பவர் மேல் தப்பே இல்லை, நாம்தானே வரச் சொன்னோம்.

எனக்கு இது உறைத்தது சித்தப்பா உசிலம்பட்டியிலிருந்து மஞ்சப்பையோடு வந்த அன்றைக்கு. காபி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, பையிலிருந்து நாலாய் மடித்த லோன் பாரத்தை எடுத்து, பேனா மூடியையும் அவரே கழற்றி, "சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதான் தாயி" என்றார். ஆதார் கார்டு ஊரில் இருக்கிறது என்றேன். ஜெராக்ஸ் போதும் என்றார். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும் சித்தப்பா என்றேன். அங்கேயே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுவிட்டார்! காரணம் சொன்னால் இப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் கையோடு ஒரு வழி இருக்கும்.

எனவே காரணம் வேண்டாம், அது உங்கள் வழக்கம் என்கிற மாதிரி சொல்லுங்கள். 'போட மாட்டேன்' என்றால் திமிராகத் தெரியும், 'போட முடியாது' என்றால் ஏன் என்று கேட்பார்கள். "நான் யாருக்கும் ஜாமீன் கையெழுத்து போடுறதில்ல சித்தப்பா" என்று பாருங்கள், செவ்வாய்க்கிழமை கறி சாப்பிடுறதில்ல என்பது மாதிரி போய்விடும். ஐயப்பனுக்கு மாலை போட்டவனை யாராவது டாஸ்மாக்குக்குக் கூப்பிடுகிறார்களா? ஆனால் 'யாருக்கும்' என்று சொன்னால் யாருக்கும்தான், அடுத்த மாதம் கூடப்பிறந்த தம்பிக்குப் போட்டீர்கள் என்றால் சாயங்காலத்துக்குள் உசிலம்பட்டிக்குச் செய்தி போய்விடும்.

சொன்ன பிறகு ஒரு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள். அதுதான் கஷ்டமான நிமிஷம், அந்த அமைதியை நிரப்பப் போய்த்தான் "அப்ப ஒரு இருபதாயிரம் வேணா தரவா" என்று உளறுகிறோம். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடியுங்கள், அப்புறம் "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று இலையைப் போடுங்கள். மறுநாள் அத்தை போன் செய்வார், அவரிடமும் அதே வாக்கியம், ஒரு சொல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவர்கள் வீட்டுக் காதுகுத்து வந்தால் போய் மொய்யை எழுதிவிடுங்கள். மொய் நோட்டில் இருப்பது பழைய கணக்கு, இந்தக் கோபத்தை அதில் காட்டக்கூடாது.

ஜாமீனைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவுப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும் கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் பேங்குக்குக் கிடையாது.

ஆபீசில் வருவது வேறு மாதிரி, சின்னச் சின்னதாக, தினமும். "பத்து நிமிஷம் வண்டி குடுங்கக்கா" என்பான் பக்கத்து சீட்டுப் பையன். காளவாசலிலிருந்து மாட்டுத்தாவணி போகிறவனுக்குக் கோரிப்பாளையம் தாண்டுவதற்கே பத்து நிமிஷம் போதாது, திரும்பி வரும்போது பெட்ரோல் முள் சிவப்பில் படுத்திருக்கும். ஆறு மாதமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டு ஒருநாள் திடீரென்று மறுத்தால் நாம்தான் கெட்டவர். சாவிக்குக் கை நீட்டும்போது சொல்லாதீர்கள், அவன் கேட்காத ஒரு காலையில், டீ குடிக்கிற நேரத்தில், "தம்பி, இனிமே நான் வண்டி யார்ட்டயும் குடுக்கிறதில்ல, முன்னாடியே சொல்லிட்டேன், நீ வேற ஏற்பாடு பண்ணிக்க" என்று சொல்லுங்கள். (லைசென்ஸ் இல்லாதவன் நம் வண்டியோடு மாட்டினால் உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. அவனிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.)

தொடுவது, இரட்டை அர்த்தத்தில் பேசுவது எல்லாம் இந்தக் கணக்கில் வராது, அதற்கு நயமாகப் பேசத் தேவையில்லை. 2013-ஆம் வருஷச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும், இல்லாத இடத்துக்கு மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

புருஷன் பெண்டாட்டிக்குள் இந்த 'றதில்ல' வேலைக்கு ஆகாது, ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கும். என் தங்கை எனக்கு அனுப்பிய மெசேஜைப் படித்துவிட்டு, அதை இவர் அவங்க அம்மாவிடம் சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே கேட்டிருந்தால் சண்டைதான். ரெண்டு நாள் விட்டு, தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கும்போது சொன்னேன்: "என் போன நீங்க பாக்குறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா அது என் ரகசியம் இல்லைங்க, அவ ரகசியம்." முகத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டே பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. சரி என்றார், பதினைந்து நாளில் மறுபடி எடுத்தார். போன் லாக்கை மாற்றினேன், மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாற்றினேன். இதற்குக் கை நீட்டுகிற ஆள் என்றால் விஷயமே வேறு, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எடுத்த முடிவு வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போன ஆடியில் சித்தப்பா வந்தார். கறிச்சோறு சாப்பிட்டார், கையெழுத்துப் பேச்சே எடுக்கவில்லை, எனக்கு அப்பாடா என்று இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாசலில் மாப்பிள்ளை தோளில் கை போட்டபடி அதே மஞ்சப்பையைத் திறந்துகொண்டிருக்கிறார், இவர் தலையைச் சொறிந்துகொண்டே "பாப்போம் மாமா" என்கிறார்.