கேபின் பிராக்கெட் துருப்பிடித்த பழைய லாரி: நீங்களே சரிசெய்யும் முறை

நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏற்றும் வண்டி ஒன்றின் அடியில் படுத்துப் பார்த்தால், உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது விளங்கிவிடும். பெட்டிகளில் ஐஸ் உருக உருக, உப்பு கலந்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். பிரேக் போடும்போதெல்லாம் அது முன்பக்கம் ஓடிவந்து, கேபினைத் தாங்கும் பின்புற பிராக்கெட்டுகளில் விழும். கூடவே சேறும் சேர்ந்துவிட்டால் அந்த இடம் காய்வதே இல்லை.

என்னுடைய டாடா 407 ஏழு ஆண்டுகள் மீன் சுமந்த வண்டி. ஒருநாள் இடது கதவு சரியாகப் பூட்டவில்லை. கீல் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் கேபினே அந்தப் பக்கம் அரை அங்குலம் இறங்கியிருந்தது. கதவு இடிப்பது, மேடு பள்ளத்தில் 'டங்' என்று ஓசை வருவது, கியர் கம்பி முன்புபோல் நடுவில் நிற்காதது ஆகியவை தோன்றினால் கீழே குனிந்து பாருங்கள்.

முதலில், தட்டிப் பாருங்கள்

வேலையில் பாதி இதுதான். சிறிய சுத்தியலால் பிராக்கெட்டையும் அதைச் சுற்றியுள்ள சேஸிஸ் சட்டத்தையும் விரல் அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'கிண்' என்று ஒலிக்கும், சுத்தியலும் துள்ளும். கெட்ட இரும்பு 'பொத்' என்று அடங்கும். பெயின்ட்டை நம்ப வேண்டாம். என் வண்டியில் முன்பு ஒரு பட்டறையில் துருவைச் சுரண்டாமலே மேலே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்து, கறுப்பு பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தகட்டை உளியால் நெம்பியபோது உள்ளே பழைய இரும்பு வேப்பம்பட்டையைப்போலச் செதில் செதிலாக உதிர்ந்தது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அகப்பட்டால் அவற்றைப் பிளந்துகொண்டு வளரும். மூடி மறைத்த துரு திறந்து கிடக்கும் துருவைவிட ஆபத்தானது என்று அன்று கண்ணால் கண்டேன்.

நல்ல இரும்பு தொடங்கும் எல்லையைச் சாக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். அந்தக் கோடு பிராக்கெட்டுக்குள்ளேயே முடிந்தால் தொடரலாம். சேஸிஸ் சட்டமே ஓட்டையாகியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ இங்கேயே நிறுத்திவிடுங்கள். அது அனுபவம் உள்ளவர் கையில் ஒப்படைக்க வேண்டிய வேலை.

வண்டியைத் தயார்செய்தல்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேட்டரி இணைப்புகள் இரண்டையும் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரையும் எடுத்துவிடுங்கள். சட்டத்தை ஒட்டிச் செல்லும் ஒயர்களையும் பிரேக் குழாய்களையும் விலக்கிக் கட்டுங்கள். டீசல் டேங்க் பக்கத்தில் இருந்தால் கழற்றித் தொலைவில் வையுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். தீயணைப்புக் கருவியும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி கேபினைத் தாங்க வேண்டும். ஜாக்கியை நேராகக் கேபினின் தரைத்தகட்டில் வைத்தால் தகடு குழிந்துவிடும். இரண்டடி நீளக் கனமான மரக்கட்டையை, கேபினின் அடிக்குறுக்குச் சட்டத்தின்கீழ் கொடுத்துத் தூக்குங்கள். தூக்குமுன், துருப்பிடிக்காத பக்கத்தில் சட்டத்துக்கும் கேபினுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதிய பிராக்கெட் நிற்கவேண்டிய உயரத்துக்கு வேறு சாட்சி கிடையாது. கேபினைப் பிராக்கெட்டோடு பிணைக்கும் போல்ட்டைக் கழற்றிய பிறகே தூக்க வேண்டும். ரேடியேட்டர் குழாய், கியர் கம்பி, ஸ்டியரிங் தண்டு எதுவும் இழுபடாத அளவுக்கு, ஓர் அங்குலம் உயர்த்தினால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். கட்டைகளை அடுக்கி முட்டுக்கொடுத்த பிறகே கை நுழைய வேண்டும்.

பழையதை எடுத்தல்

போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் மாலையே ஊற்றுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் கிரைண்டரால் தலையை அறுத்துவிடலாம். எப்படியும் புதிய போல்ட்தான் போடப்போகிறோம். பிராக்கெட் ரிவெட் அடித்ததாக இருந்தால் ரிவெட் தலையைத் தேய்த்து, பஞ்ச் வைத்துத் தட்டி வெளியே எடுங்கள். கேஸ் கட்டிங் வேண்டாம், சட்டத்துக்குச் சூடு ஏறும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

பிறகு கம்பித் தூரிகை வட்டு மாட்டி, வெள்ளை இரும்பு தெரியும்வரை சட்டத்தைத் தேய்க்க வேண்டும். குழிகளில் ஒட்டியிருக்கும் கறுப்புத் துருவுக்கு, கடையில் கிடைக்கும் துரு மாற்றித் திரவத்தைத் தடவலாம்.

புதிய பிராக்கெட்

பழையதில் கெடாத ஓரத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அதே கனத்தில் தகடு வாங்குங்கள். எனக்கு 5 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. தினசரிக் காலண்டரின் பின்அட்டையை எடுத்து, அதில் முதலில் வெட்டி, மடித்து, பொருத்திப் பாருங்கள். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகு தகட்டை வெட்டுங்கள். அடியில் ஒரு வடிகால் துளை போட மறக்கவேண்டாம்.

சேஸிஸில் முன்பே உள்ள துளைகளில் போல்ட் போட்டுப் பொருத்த முடிந்தால் அதுவே மேல். சட்டத்தின் மேல் மடிப்பிலும் கீழ் மடிப்பிலும் பாரத்தின் இழுவை மிகுதி. அங்கே புதுத் துளை போடுவதும் குறுக்கே வெல்டிங் செய்வதும் விரிசலுக்கு விதை ஊன்றுவதாகும். ஆகவே வெல்டிங்கை பிராக்கெட்டின் மடிப்புகளை இணைப்பதோடு, மேசைமேல் வைத்தே முடித்துக்கொள்ளுங்கள். தொடக்கக்காரர்களுக்கு 3.15 மில்லிமீட்டர் 6013 வகை வெல்டிங் ராடும், சுமார் 110 ஆம்பியரும் கைக்கு வசப்படும். முதலில் நான்கு மூலையிலும் வெல்டிங்கால் ஒரு புள்ளி மட்டும் வைத்து, வண்டியில் பொருத்திப் பாருங்கள். பிறகு ஓர் அங்குலம் ஓட்டி, எதிர்ப்பக்கம் போய் ஓர் அங்குலம் ஓட்டுங்கள். ஒரே மூச்சில் இழுத்தால் தகடு கோணிவிடும். கசடைத் தட்டிவிட்டுப் பாருங்கள், ஊசித்துளை தெரிந்தால் தேய்த்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பெயின்ட்

பொருத்தும் முன்பே சிங்க் கலந்த பிரைமர் இரண்டு கை, அதன்மேல் எபாக்ஸி பெயின்ட். பிராக்கெட்டும் சட்டமும் ஒன்றையொன்று தொடும் முகங்களிலும் மெல்லியதாக அடியுங்கள். உப்புத்தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான்.

பூட்டுதல்

கேபினுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் வரும் ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். அதன் நடுவில் வரும் இரும்புப் புஷ்ஷை, அதாவது போல்ட் நுழையும் சிறு குழாயை, விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் முறுக்கினால் ரப்பர் நசுங்கிப் போகும், போல்ட் இறுகவே இறுகாது. 8.8 தர போல்ட், நைலான் வளையம் உள்ள நட்டு, அகல வாஷர். எல்லா போல்ட்டையும் கையால் செலுத்திவிட்டு, கேபினை மெதுவாக இறக்கி, முன்பு எழுதிய அளவைச் சரிபார்த்த பின்னரே ஸ்பானர் போடுங்கள். கதவு ஒரே தள்ளலில் பூட்ட வேண்டும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். உப்புத்தண்ணீர் படும் வண்டி என்றால் ஒவ்வொரு நடை முடிந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். அப்போது வடிகால் துளை வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள்.