சென்னைக்குப் போகிறீர்களா? மாத்திரையை அட்டையோடு கட்டுங்கள்

ஐப்பசி அடைமழை. மயிலாப்பூரில் அப்பா வீட்டில் காலையில் என் மாத்திரை டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் வாடை. ஊறுகாய் ஏதாவது சிந்திவிட்டதோ என்று மேஜையைத் துடைத்துப் பார்த்தேன். மேஜையில் ஒன்றுமில்லை, வாடை மாத்திரையிலிருந்துதான். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஆஸ்பிரின் அது. ஈரம் பட்டால் ஆஸ்பிரின் உடைந்து அசிட்டிக் அமிலம் வெளிவரும். வினிகரில் இருப்பதும் அதேதான். மெல்போர்னில் கிளம்புவதற்கு முந்தைய இரவு நான்கு வாரத்து மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி, கிழமை போட்ட கட்டங்களில் அழகாக அடுக்கி வைத்தது நான்தான். அந்த ஒழுங்குக்குக் கிடைத்த பரிசு.

மிதமான குளிருள்ள நாடுகளுக்காகத் தயாராகும் மருந்தை 25 டிகிரி வெப்பத்திலும் 60 சதவீத ஈரப்பதத்திலும் வைத்துத்தான் எத்தனை மாதம் தாங்கும் என்று சோதிக்கிறார்கள். வெயிலும் புழுக்கமும் உள்ள நாடுகளுக்கான சோதனை 30 டிகிரி, 75 சதவீதம் வரை போகும். அதுவும் அட்டையில் மூடியிருக்கும்போது. பிதுக்கி வெளியே எடுத்துவிட்டால் பெட்டியில் போட்டிருக்கும் தேதிக்கு அர்த்தம் இல்லை. சென்னையில் ஏசி ஓடுவது பெரும்பாலும் ஒரு படுக்கையறையில், அதுவும் இரவில். மற்ற நேரம் கடற்காற்றின் பிசுபிசுப்புதான். அப்பளம் நமுத்துப்போகும் வீட்டில் மாத்திரை மட்டும் மொறுமொறுவென்று இருக்குமா?

அட்டையிலும் ரகம் உண்டு. ஒரு பக்கம் மாத்திரை தெரியும் பிளாஸ்டிக், மறுபக்கம் ஃபாயில் என்றால், பிளாஸ்டிக் வழியாக ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஆனாலும் பிதுக்கி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். இரண்டு பக்கமும் அலுமினியமாக, மாத்திரையே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால், பெரும்பாலும் அது ஈரத்துக்கோ வெளிச்சத்துக்கோ பயந்த சரக்கு என்று அர்த்தம். அதை வாயில் போடும் நிமிஷம் வரை பிரிக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் டாபிகாட்ரான், வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட், நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரைகள் இவை எதையும் கிழமை டப்பாவில் போடக்கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிக் குப்பியில் வந்தால், அந்தக் குப்பியிலேயே இருக்கட்டும்.

கிழமை டப்பாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு மட்டும், டப்பாவில் போடலாம் என்று மருந்தாளுநர் சொன்னவற்றை மட்டும் ஞாயிற்றுக்கிழமை நிரப்பிக்கொள்ளுங்கள். வைக்கும் இடம் முக்கியம். நம் வீடுகளில் மருந்து டப்பாவின் நிரந்தர விலாசம் ஃபிரிஜ் தலைமேல். அங்கே சூடு ஏறும். சமையல்கட்டும் குளியலறை அலமாரியும் வேண்டாம். படுக்கையறை பீரோவில் மேல்தட்டு நல்லது, பேரக்குழந்தைகளுக்கும் எட்டாது. அமெரிக்கக் குப்பிகளில் மூடியை அழுத்தித் திருகினால்தான் திறக்கும். கிழமை டப்பாவை மூன்று வயசுக் குழந்தை மிட்டாய் டப்பா மாதிரி திறந்துவிடும்.

வெளிநாட்டு மருந்துக்கடைகள் வேளைக்கு வேளை பிரித்து, ஒரு குழியில் ஐந்தாறு மாத்திரை போட்டு ஒட்டித் தருமே, ஆஸ்திரேலியாவில் வெப்ஸ்டர் பாக் என்போம், அதைக் கொண்டு வரலாமா? மறதி உள்ள பெரியவர்களுக்கு அதை விட்டால் வேறு நல்ல வழி இல்லை, கொண்டு வாருங்கள். மற்றவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். சென்னை டாக்டர் நடுவில் ஒரு மருந்தை நிறுத்தச் சொன்னால், அந்தக் குழியில் வெள்ளையாக உருண்டையாக இருக்கும் மூன்றில் எது அது என்று யார் சொல்வது? எப்படியானாலும் மருந்தின் பொதுப்பெயர் (பிராண்ட் பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்), அளவு, வேளை எழுதிய தாள் ஒன்றும், டாக்டர் கடிதமும் கூடவே இருக்கட்டும். எல்லாம் கைப்பையில், பெட்டியில் அல்ல.

சிலர் இடம் மிச்சம் பிடிக்க அட்டையைக் கத்தரியால் தனித்தனிக் குழியாக வெட்டிக்கொள்வார்கள். தயவுசெய்து வேண்டாம். பார்வை மங்கியவர்கள் அதை ஃபாயிலோடு விழுங்கி, கூரான முனை உணவுக்குழாயைக் கிழித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு.

இந்தியாவின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சொந்த உபயோகத்துக்குப் பயணப்பையில் அனுமதி இல்லாமல் கொண்டுவருவது ஒரு மருந்துக்கு 100 வேளை அளவைத் தாண்டக்கூடாது. துபாய், அபுதாபி வழியாக வருகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோடீன், டிராமடால் கலந்த வலி மருந்துகளுக்கு அங்கே கெடுபிடி அதிகம். பெயர் இல்லாத டப்பாவில் அவற்றை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலைமை யாருக்கும் வரவேண்டாம்.

தீர்ந்துபோனால் சென்னையில் வாங்கலாம், தெருவுக்கு ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. பெயரில்தான் குழப்பம். அமெரிக்காவின் அசிட்டமினோஃபென் இங்கே பாராசிட்டமால், அல்புடெரால் இங்கே சால்புடமால். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. ஒரு அட்டையில் பத்தோ பதினைந்தோ இருக்கும். ஆறு கேட்டால் கடைக்காரர் கத்தரியை எடுத்துச் சரக்கென்று வெட்டி, பழுப்புக் கவரில் போட்டுத் தருவார். சிக்கனத்துக்கு நல்ல பழக்கம்தான். ஆனால் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் இருக்கும். அந்த ஓரம் கடைக்காரரிடமே தங்கிவிடும்.

"அண்ணா, கட் பண்ணாதீங்க, முழு அட்டையா குடுங்க" என்றால் போதும். அவருக்கும் சந்தோஷம். வெட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் பில் கேளுங்கள். பில்லில் பேட்ச் எண்ணும் தேதியும் இருக்கும். அதைக் கவரோடு சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் கியூஆர் குறியீடு கட்டாயம். அட்டையிலோ பெட்டியிலோ இருக்கும், போனில் காட்டினால் கம்பெனியும் தேதியும் தெரியும்.

திரும்பும்போது இங்கிருந்து வாங்கிப்போவதும் முழு அட்டையாக, பில்லோடும் டாக்டர் சீட்டோடும் இருக்கட்டும். ஆஸ்திரேலியாவுக்குள் சொந்த உபயோகத்துக்கு 3 மாத அளவு வரை கொண்டுபோகலாம். என் அப்பா கொடுத்துவிட்ட, வெட்டிய நாலு மாத்திரைத் துண்டை மட்டும் நான் மயிலாப்பூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது எதற்கான மாத்திரை என்று அவருக்கே நினைவில்லை.