முகத்துவாரத்தில் தனியாகத் தூண்டில் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிக் கரையில் தாழங்குடா, தேவனாம்பட்டினம், சுண்ணாம்பாறு என்று வார இறுதியில் கூடாரமும் ராடுமாகத் தனியாகக் கிளம்புகிறவர்கள் இரையையும் ரீலையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். எங்கே நிற்பது என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

நீர் வற்றியிருக்கும்போது முழங்கால் ஆழ ஓடையைக் கடந்து மணல்திட்டில் போய் நிற்பதுதான் பெரிய தவறு. கொடுவா அங்கே நன்றாகக் கடிக்கும், உண்மைதான். ஆனால் நீர் ஏறும்போது திட்டு மூழ்குவதற்கு முன்பே முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஓடை நிறைந்துவிடும். இருட்டில் அது தெரியவே தெரியாது. ஏற்றமும் வற்றமும் சுமார் ஆறேகால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை நம்பி இறங்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இழுவையும் கூடும். பகலில் திட்டுக்குப் போனால், ஓடைப் பக்கம் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குச்சியில் நீர் நான்கு விரல் ஏறியதும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள். இரவில் தனியாள் திட்டுக்குப் போகவே வேண்டாம்.

தாழங்குடாவில் கடலில் சேரும் தென்பெண்ணை ஆற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கடலூரில் வானம் வெளுத்திருந்தாலும் சாத்தனூர் அணையில் அதிக நீர் திறந்தால் தாழங்குடா வரை வெள்ளம் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அணைச் செய்தியையும் துறைமுகப் புயல் கூண்டையும் பார்க்காமல் புறப்படாதீர்கள்.

100 கிராம் ஈயத்தை மெல்லிய பிரெய்டு (பின்னல் இழை) லைனில் நேரடியாகக் கட்டி வீசுகிறார்கள். வீசும் வேகத்தில் லைன் அறுந்தால் ஈயம் எவர் தலையிலும் பாயலாம். 28 கிராம் ஈயத்துக்கு 10 பவுண்டு தாங்கும் லைன் என்பது கணக்கு. 100 கிராமுக்கு, பிரெய்டுக்கும் ஈயத்துக்கும் நடுவே 40 பவுண்டு லீடர் (தடித்த முன் லைன்) போடுங்கள். நீளம் ராடைப்போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் ரீலில் நாலைந்து சுற்று.

கெளுத்தியை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முட்களிலும் விஷம் உண்டு. திருக்கை மாட்டினால் கரைக்கு இழுத்துப் போராடாமல் லைனை வெட்டிவிடுங்கள். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப்போகும். பிளாஸ்க் வெந்நீர் டீக்கு மட்டுமல்ல: குத்துப்பட்ட இடத்தை, தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் சோதித்துப் பாருங்கள். வலியில் மரத்த கால் வெந்துபோவது தெரியாது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். மார்பிலோ வயிற்றிலோ முள் தைத்திருந்தால் பிடுங்காமல் 108-ஐ அழையுங்கள்.

கூடாரத்தைச் சருகும் குப்பையும் ஒதுங்கிய கோட்டுக்கு நன்றாக மேலே போடுங்கள். கம்பி முளை மணலில் நிற்காது. மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டி ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. கடலை நோக்கி வெள்ளை விளக்கு அடிக்காதீர்கள்.

கிளம்பும் முன் அந்த ஊர் மீனவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டில், நிற்கப்போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து, அந்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியும் பேசாவிட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.